தானியக் கணக்கும் மனிதக் கணக்கும்

மழை பொய்த்து மண் வறண்டால் ஒரு சமுதாயம் என்ன செய்யும்? இவ்வினா புதியதன்று. மிஸ்ரு நாட்டில் நபி யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்து, பின்வந்த ஏழாண்டுப் பஞ்சத்தில் மக்களைக் காத்த வரலாற்றைத் திருமறை வாயிலாக நாம் அறிவோம். இன்று அதே வினாவை அறிஞர்கள் கணிப்பொறியிடம் கேட்கின்றனர். அது சொல்லும் விடை மட்டுமன்றி, சொல்லாமல் விடுவதும் நம் சிந்தனைக்குரியது.

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கே லாங் ஹவுஸ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. இன்றைய ஹோப்பி முதலிய புவெப்லோ மக்களின் முன்னோர் அங்கே மக்காச்சோளம் பயிரிட்டு நெடுங்காலம் வாழ்ந்தனர். கி.பி. 1300 வாக்கில் அப்பள்ளத்தாக்கு ஆளற்றுப் போயிற்று. 1276 முதல் 1299 வரை அங்கே கொடிய வறட்சி நிலவியதை மரங்களின் உள்வளையங்கள் காட்டுகின்றன. மழை கண்ட ஆண்டில் வளையம் அகன்றும், மழை காணாத ஆண்டில் ஒடுங்கியும் இருக்கும். இறைவன் மரத்துக்குள்ளே எழுதி வைத்த ஆண்டேடு அது!

வறட்சி ஒன்றே அவர்களை விரட்டியதா? ராபர்ட் ஆக்ஸ்டெல், ஜோஷுவா எப்ஸ்டைன், ஜெஃப்ரி டீன் முதலியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் அப்பள்ளத்தாக்கையே கணிப்பொறிக்குள் அமைத்துப் பார்த்தனர். நிலத்தை ஹெக்டேர் அளவான கட்டங்களாகப் பிரித்து, ஆண்டுதோறும் ஒவ்வொன்றும் தரக்கூடிய விளைச்சலைக் கணித்தனர். குடும்பத்துக்கு ஐவர், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 160 கிலோ வீதம் 800 கிலோ சோளம். கையிருப்பும் விளைச்சலும் போதாவெனில் குடும்பம் வேறு நிலம் தேடும். கிடைக்காவிடில் பள்ளத்தாக்கை விட்டே அகலும். இவ்விதிகளோடு கி.பி. 800 முதல் 1350 வரையிலான காலத்தைக் கணிப்பொறியில் ஓடவிட்டனர்.

குடித்தொகையின் ஏற்றமும் இறக்கமும் அகழ்வாய்வுச் சான்றுகளோடு பெரிதும் ஒத்துவந்தன. முடிவு மட்டும் ஒத்துவரவில்லை. வறட்சிக்குப் பின்னும் ஒரு பகுதியினர் அங்கேயே வாழப் போதிய விளைச்சல் உண்டு என்றது கணிப்பொறி. ஆனால், உண்மையில் எவரும் தங்கவில்லை. நிலமும் வானமும் மட்டும் காரணமல்ல, சமுதாயக் காரணங்களும் இருந்திருக்க வேண்டும் என ஆய்வாளர் முடிவு கண்டனர்.

இங்கேதான் நமக்கு ஒரு வினா எழுகிறது. ஒரு பகுதியினர் தங்கலாம் என்றால், எந்தப் பகுதியினர்? யாருடைய அடுப்பு எரிவது, யாருடையது அணைவது? கணிப்பொறியில் வாழ்ந்த குடும்பங்கள் நிலத்துக்குப் போட்டியிட்டன. ஆனால், பசித்த குடும்பத்துக்கு வேறொரு குடும்பம் ஒரு பிடி தானியமும் கொடுத்ததில்லை. அவற்றுக்கு அண்டை நிலம் உண்டு, அண்டை வீடு இல்லை. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் உண்பதை நம் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வன்மையாகக் கண்டித்தார்கள்! அம்மக்கள் அன்பினால்தான் ஒருசேர அகன்றார்கள் என்று கூறத் துணியோம், பூசலாலும் பிரிந்திருக்கலாம். எதுவாயினும், மனிதன் சோளத்தை மட்டும் எண்ணி முடிவெடுப்பவன் அல்லன் என்பது தெளிவு.

அதற்காகக் கணக்கை இகழ்வது பேதைமை. காலநிலை மாறிவரும் இந்நாளில் எந்நிலம் எத்தனை பேருக்குச் சோறிடும் என்று அறிந்தே ஆகவேண்டும். நபி யூசுஃப் (அலை) அவர்களும் கணக்கறிந்தவர்களே. களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம் தகுதிகளாக அவர்கள் கூறியவை இரண்டு: பேணிக் காத்தல், அறிந்திருத்தல். அறிவைப் பெறக் கணிப்பொறி துணைநிற்கும். பேணிக் காக்கும் அமானிதமோ நம்முடையது.

தம்மைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களே கன்ஆனிலிருந்து பசியோடு வந்து நின்றபோது, அவர்களுக்கும் நிறைய அளந்து கொடுத்தார்கள் அந்த நபி. யார் மிகை என்ற கேள்வி நம் வாசலுக்கும் வரும் நாளில், நாம் கையிலெடுக்க வேண்டிய மரக்கால் அதுவே.