கானக விடுதியும் விருந்தினர் அறமும்

விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் கானகம் காணச் செல்லும் வழக்கம் நம்மவரிடையே பெருகியுள்ளது. அவ்வாறு செல்வோர் வேட்டையாடுவோர் அல்லர். ஊன் உண்போரும் அல்லர். வன எல்லையில் ஓர் எளிய விடுதியில் இரண்டு இரவுகள் தங்கி, மானையும் மயிலையும் கண்டு மகிழ்ந்து மீள்பவர்கள். இதனால் எவ்வுயிர்க்கு என்ன தீங்கு? வினா எளிதாகத் தோன்றினும் விடை அத்துணை எளிதன்று.

நீலகிரி மாவட்டத்து முதுமலையைச் சான்றாகக் கொள்வோம். 1940-இல் சரணாலயமாகவும், 1990-இல் தேசியப் பூங்காவாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட வனம் அது. அதனையொட்டி, மசினகுடியைச் சூழ்ந்து, சீகூர்ப் பீடபூமி விரிகின்றது. தெற்கே நீலகிரி மலையின் செங்குத்தான சரிவு. வடக்கே மோயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலமே, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் சென்று மீளும் வழியாகும். அஃது மழைமறைவு நிலமாதலின் தீனியும் நீரும் ஆண்டு முழுதும் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும் யானை, நடந்தே உயிர்வாழ வேண்டிய விலங்கு. அதற்கு வழி என்பதே உணவு.

அவ்வழியில் விடுதிகள் எழுந்தன; வேலிகள் அமைந்தன. 2010 ஆகஸ்டில் தமிழக அரசு அந்நிலத்தை யானை வழித்தடமாக அறிவித்தது. விடுதி உரிமையாளர் தொடுத்த வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 14-10-2020 அன்று உச்ச நீதிமன்றமும் அவ்வறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தன. அதன்பின் மூன்று மாதங்கள் நிறைவதற்குள், 2021 ஜனவரியில், மசினகுடிப் பகுதியில் தங்கும் இடமொன்றின் அருகே வந்த யானையின்மீது எரியும் டயரை வீசினர். முன்னரே முதுகில் புண்பட்டிருந்த அவ்வுயிர், காதும் வெந்து, அம்மாதம் 19-ஆம் நாள் மாண்டது.

“தீ வைத்தவன் எவனோ; வேலி கட்டியவர் எவரோ; வாடகை தந்து உறங்கிய எனக்கு இதில் என்ன பங்கு?” என்று விருந்தினர் கேட்கலாம். தீயை வீசியவனும் உறங்கியவரும் ஒரே அளவில் குற்றமுடையவர் என்று கூறுவது நீதியாகாது. எண்ணத்தின் வன்மைக்கேற்பவே வினையும் கட்டுகின்றது. எனினும், நம் அறம் தீங்கினைச் செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூவகையாகப் பகுத்துக் காட்டுகின்றது. வேலி விருந்தினரின் உறக்கத்திற்காகவே எழுந்தது. விடிய விடிய எரியும் விளக்கு அவர் கண்ணுக்காகவே எரிகின்றது. அறிந்தும் அங்கே பணம் தருவது உடன்படுதலின் பாற்படாதோ?

கொல்லாமை அணுவிரதத்திற்கு உரைக்கப்பட்ட அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். வீட்டில் வளர்க்கும் ஆவினையும் எருதினையும் எண்ணியே இவற்றைப் பொருள்கொண்டு பழகியுள்ளோம். ஆயின், ஆற்றுக்குச் செல்லும் வழியை அடைப்பது உணவும் நீரும் தடுத்தலே அன்றோ? இல்லறத்தானுக்குச் சமையலிலும் உழவிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாத் தீங்குகள் உண்டு. இன்பச் சுற்றுலாவோ அவ்வாறு தவிர்க்கவியலாத ஒன்றன்று. ஆதலின் அதில் நேரும் தீங்கைப் பயனில்லாத் தீங்காகக் கருதி, மேலும் விழிப்புடன் விலக்குதல் வேண்டும்.

அங்ஙனமாயின் கானகத்திற்கே செல்லலாகாதோ? அவ்வாறு கூறுவதும் பொருந்தாது. வாகனம் ஓட்டுவோர், சமைப்போர், வழிகாட்டுவோர் எனப் பல குடும்பங்கள் வருவோரை நம்பி வாழ்கின்றன. காட்டைக் கண்டறியாத குழந்தை அதற்காகப் பரிந்து பேசுவதும் அரிது. வேண்டுவது விலகுதல் அன்று; அளவறிதல்.

எளிமை என்பதைச் சிலர் வாடகையால் அளக்கின்றனர். குறைந்த வாடகை வாங்கும் விடுதியும் யானை வழியில் நிற்கலாம். எச்சில் இலைகளைத் திறந்த குழியில் கொட்டிப் பன்றியையும் கரடியையும் வரவழைக்கலாம். ஊர் வீடுகளின் நடுவே நின்று, சில அறைகளே கொண்டு, இரவில் ஒளியும் ஒலியும் அடக்கி, குப்பையை மூடி வைக்கும் விடுதியே உண்மையில் எளிய விடுதி. எங்கே நிற்கின்றது, வேலி எத்தகையது, குப்பை எங்கே போகின்றது என்னும் மூன்றையும் முன்பணம் அனுப்புமுன் கேட்டறிதல் நம் கடமை. பலர் கேட்கத் தொடங்கினால் விடுதி நடத்துவோரும் திருந்துவர்.

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் குடும்பங்களுக்கு இவ்வொழுக்கம் புதிதன்று. இருள் கவிந்தபின் அடுப்பும் ஆரவாரமும் வேண்டாதவரே கானகத்திற்கு ஏற்ற விருந்தினர்.

இவை யாவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. “பணம் கொடுத்தோம், யானையைக் கண்டே தீரவேண்டும்” என்னும் வேட்கையே அது. விருந்தினர் அவ்வாறு வற்புறுத்தினால், உப்பும் தீனியும் வைத்தோ, இருளில் வண்டி ஓட்டித் துரத்தியோ அவ்வுயிரைக் கண்முன் நிறுத்த முற்படுவார் உளர். பொருளைச் சேர்ப்பது மட்டும் பற்று அன்று. காட்சியைத் தனதாக்கிக்கொள்ளத் துடிப்பதும் பற்றே. யானையைக் காணாமல் மீண்ட பயணம் வீண் என்று எண்ணற்க. நாம் அங்குத் தங்கிய இரவில் அது தடையின்றித் தன் வழியே நடந்து நீர்த்துறை அடைந்திருக்குமாயின், அப்பயணம் அறத்தோடு பொருந்திய பயணமே. குழந்தைகளுக்கு இதனை எடுத்துரைத்து அழைத்துச் செல்வோமாக.