தாயானவள் தன் தாயை நினைக்கிறாள்



தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளைக் கவனித்துப் பாருங்கள். நேற்றுவரை அவளிடத்தில் ஒரு கணக்கு இருந்தது. "எங்க ஆத்தா அண்ணனுக்கு முட்டை வச்சா, எனக்கு வெறும் குழம்புதான். அவன் பள்ளிக்கூடம் போனான், நான் களையெடுக்கப் போனேன்" என்பாள். பிள்ளை பெற்று, பத்து ராத்திரி தூக்கம் கெட்டபின்பு, அதே மகள் தாயின் முகத்தை வேறுவிதமாய்ப் பார்க்கிறாள். நடந்தது மாறவில்லை. அதைப் பார்க்கிற இடம் மாறிப்போயிற்று.

நம்முடைய எழுமலை, உசிலம்பட்டி வட்டாரத்தில் இது சாதாரண காரியம் அல்ல. இங்கே நடந்த பெண்சிசுக்கொலையை 1986-ல் இந்தியா டுடே பத்திரிகை எழுதியபோது தேசமே திரும்பிப் பார்த்தது. வரதட்சணைக்கும் சீர்செனத்திக்கும் பயந்து கள்ளிப்பாலைத் தேடின காலம் அது. 1992-ல் சேலத்தில் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் மதுரை மாவட்டத்துக்கும் வந்தது. அந்த வருஷங்களில் பிறந்து பிழைத்த பெண்பிள்ளைகள் இன்றைக்குத் தாய்மார்கள்.

"இதுவும் பொட்டப்புள்ளையாப் போச்சே!" என்று ஊரார் சொன்னதைச் சிறுவயதில் கேட்டவள், தன்னை ஏசினதாக மட்டுமே நினைத்திருப்பாள். இப்போது மடியில் தன் மகளை வைத்துக்கொண்டு நினைக்கிறாள்: "இத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டுத்தானே எங்க ஆத்தா என்னைய வளத்திருக்கா!"

யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பார்வோன் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்னான். மோசேயை அவன் தாய் மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். நாணல் பெட்டிக்குத் தூரத்தில் நின்று காவல் காத்தது யார்? ஒரு பெண்பிள்ளை, அவன் தமக்கை! குழந்தை மோசேக்கு இதில் ஒன்றும் ஞாபகம் இருந்திருக்காது. நாம் உயிரோடிருக்கிற காரணம் நம்முடைய ஞாபகத்தில் இல்லை, பெற்றவளுடைய ஞாபகத்தில்தான் இருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் பழைய நினைவு இனிப்பாய் மாறுவதில்லை. "என் பிள்ளைக்கு நான் இப்படிச் செய்வேனா?" என்று கேட்கும்போது சிலருக்குப் பழைய காயம் புதிதாய் வலிக்கும். பேச்சிலேயே வராத ஒரு தங்கச்சியின் நினைவு சிலருக்கு வரும். அப்படிப்பட்டவளிடம், "பெத்தவளைக் குறை சொல்லாதே" என்று வாயை அடைக்காதிருங்கள். அவள் அழட்டும். தேவன் அந்தக் கண்ணீரையும் காண்கிறார்.

சகோதரிகளே, உங்கள் தாய் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள்: "ஆத்தா, நான் பிறந்தன்னைக்கு என்ன நடந்துச்சு?" தாய்மார்களே, மறைக்காமல் சொல்லுங்கள்.

கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஸ்கேன் சென்டர் வாசல்வரை வரும், நம் அடுப்படிக்குள் வராது. அங்கே முட்டையைச் சரிபாதியாய் வைக்க வேண்டியது நாம்தான். இன்று உங்கள் வீட்டில் ஓடியாடுகிற மகளும் ஒருநாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உங்களை நினைப்பாள். அன்றைக்கு அவள் எதை நினைக்க வேண்டுமோ, அதை இன்றைக்கே செய்யுங்கள். கர்த்தர்தாமே உங்கள் குமாரத்திகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்!