நடுங்கும் கையும் நீண்ட கோலும்

கோல்ஃப் நம்முடைய ஆட்டமல்ல. நான் ஆடியதும் இல்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தில் நடந்து முடிந்த ஒரு சச்சரவு, அறவியல் பேசுகிற நம்மில் பலர் தொடாமல் விட்ட ஒரு கேள்வியைத் தொடுகிறது என்று தோன்றுகிறது. ஒரு செயலில் எதுவரை செயல், எங்கிருந்து துணை? துணையை நாடுகிறவன் அந்த அளவுக்குக் குறைந்தவன்தானா?

முதலில் விவரம். தூரத்துக்கு அடிப்பதெல்லாம் முடிந்தபின், ஒட்ட வெட்டிய புல்தரையில், நாலேகால் அங்குல விட்டமுள்ள குழிக்குள் பந்தை உருட்டிவிட வேண்டும். இதற்கான கோலின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் கோயில் பட்டர் நினைவுக்கு வந்துவிடுவார். எனவே உருட்டுகோல் என்கிறேன். சாதாரணமாக அது 33 முதல் 35 அங்குல நீளம். மூன்று அடி தூரத்திலிருந்து உருட்டிவிட பலம் வேண்டாம்; குழந்தைகூடச் செய்யும். பெரிய ஆட்டக்காரர்கள் உடைந்து போவது இங்கேதான். உருட்டப்போகும் கணத்தில் கை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. ‘யிப்ஸ்’ என்று பெயர். எழுதும்போது மட்டும் விரல்கள் முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டே, அதன் வகையில் இதைச் சேர்க்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இதில் மீண்டும் மீண்டும் சிக்கியவர். 1985லும் 1993லும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவருக்கே இந்தக் கதி. பிடிகளை மாற்றிப் பார்த்துவிட்டு, 1990களின் பிற்பகுதியில் நீண்ட கோலுக்கு வந்து சேர்ந்தார். இது நெஞ்சுக்கு மேல் வரும் கோல். மேல்முனையை ஒரு கையால் நெஞ்சில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் கடிகார ஊசலைப் போல ஆட்டிவிடலாம். மணிக்கட்டுக்கு அனேகமாக வேலையில்லை. நடுக்கம் நுழைய வழியும் குறைவு.

கிழவர்களின் ஊன்றுகோல் என்று கருதப்பட்டவரை விதி சும்மா இருந்தது. 2011ல் கீகன் பிராட்லி வயிற்றில் ஊன்றிய கோலோடு பி.ஜி.ஏ. பட்டம் வென்றார். 2012ல் வெப் சிம்ப்சனும் எர்னி எல்ஸும், 2013ல் நெஞ்சில் ஊன்றிய ஆடம் ஸ்காட்டும் பெரிய பட்டங்களை வென்றார்கள். 2016 ஜனவரி முதல் தடை வந்தது. கவனிக்க வேண்டியது, தடை கோலின் நீளத்துக்கு அல்ல, உடம்பில் ஊன்றுவதற்கு. ஊன்றுகிறவன் அதிகம் ஜெயிக்கிறான் என்று விதிகாரர்கள் வாதிடவில்லை. இரு கைகளாலும் சுதந்திரமாக வீசுவதுதான் அடி, ஊன்றியது அடியே அல்ல என்றார்கள்.

இது வரையறை. வரையறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு; கையால் பந்தை எடுத்துக் குழியில் போடுவதும் ஆட்டமல்ல. ஆனால் வரையறை மெல்ல ஒழுக்கத்தின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறது. நடுக்கத்தை வெல்வதே பரீட்சை, ஊன்றியவன் பரீட்சைக்கு உட்காராமல் தப்பியவன் என்கிறார்கள். அப்படியானால் பிறவியிலேயே கை நடுங்காதவன் எந்தப் பரீட்சை எழுதினான்? அவனுடைய ஊன்றுகோல் உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். 2023ல் திருத்திய விதிகளில், கை இழந்தவன் வேறு வழியில்லையென்றால் ஊன்றலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். இல்லாத கை கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும் சொன்னபடி கேளாத கை தெரிவதில்லை.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். தெரியாததை வைத்து விதி செய்ய முடியாது. சரி; ஆனால் 2017ல் என்ன ஆயிற்று? ஊன்றாமல் நீண்ட கோலைத் தொடர்ந்த லாங்கரின் கை சட்டையைத் தொடுகிறது என்று பேச்சு எழுந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கம், மீறல் ஆவதற்கு ஊன்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று விளக்கி, அவர் மீறவில்லை என்றது. வெளியே தெரிவதை மட்டும் பார்ப்பதாகத் தொடங்கிய விதி, கடைசியில் ஆளின் மனசுக்குள் போய்த்தான் நிற்கவேண்டியிருந்தது.

நமக்கு இது புதிதல்ல. யாப்பு என்றால் கட்டு. 1959ல் ‘எழுத்து’ தொடங்கியபின் புதுக்கவிதையைப் பற்றி எழுந்த கூச்சல், கட்டு இல்லாதது கவிதையே அல்ல என்பது. கோல்ஃபில் கட்டு இருப்பது அடியே அல்ல. இரண்டும் நேர் எதிர். ஆனால் குரல் ஒன்று. மரபுவாதிக்குக் கட்டும் முக்கியமில்லை, சுதந்திரமும் முக்கியமில்லை. பழகிய சாயல் முக்கியம். நம்மிடையேயும் இன்று யாராவது வெண்பாவில் எழுதினால் முகம் சுளிக்கிறோம். தன் நடுக்கத்துக்கு அவன் கண்ட மருந்தா, வெறும் பழக்கமா என்று விசாரிப்பதில்லை.

2009ல் யு.எஸ். ஓபன் வென்ற லூகஸ் குளோவர் பத்தாண்டுகள் யிப்ஸில் அவதிப்பட்டு, 2023ல் நீண்ட கோலுக்கு மாறினார். நெஞ்சில் ஊன்றவில்லை, தடை இருக்கிறதே. அந்த ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் ஜெயித்தார். ஆக, ஊன்றுதலில் மட்டும் மருந்து இல்லை. பழைய கோலைத் தொட்டதும் கைக்குத் தன் தோல்விகள் ஞாபகம் வருகின்றன. புதிய கோலில் அந்த ஞாபகம் இல்லை என்பதுதான் காரணமாக இருக்கலாம்.

நான் வங்கி குமாஸ்தா. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பணம் எடுக்க வந்தார். கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. திரும்பப் போடச் சொன்னேன். பின்னால் வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது முதலாவதைவிட மோசம். மூன்றாவது வெறும் கிறுக்கல். “வீட்டில் சரியாகத்தான் வருகிறது, தம்பி” என்றார். “பெருவிரல் ரேகை வைத்துவிடலாம் சார், சுலபம்” என்றேன். “கைநாட்டா? நானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். துணை கொடுக்கிறவன் அதன் விலையையும் சேர்த்துத்தான் நீட்டுகிறான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் வந்தார். கவுண்டருக்கு வராமல், தூண் மறைவில் இருந்த பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாஸ்புக்கை மடியில் வைத்து, போட்டு எடுத்துவந்து நீட்டினார். மாதிரியோடு அச்சாக ஒத்திருந்தது. கையெழுத்து என் கண்முன் போடப்பட வேண்டும் என்பது விதி. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.