மருந்தைக் குறைத்தால் பொறுப்பு குறையுமா?

கருவியின் வலிமையைக் குறைத்துக்கொள்வது கோழைத்தனமா, அறிவுடைமையா? அமெரிக்க நாட்டு மான் வேட்டைக்காரர் சிலரின் வழக்கம் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் 'லீவர் ஆக்‌ஷன்' துப்பாக்கிகள் அங்கே பெருவழக்கு. அவற்றுள் அகன்ற குழலுடைய சிலவற்றுக்குரிய தோட்டா '45-70' எனப்படும். 1873-இல் அந்நாட்டு இராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. 45 என்பது அங்குலத்தின் நூற்றுக்கூறில் குண்டின் பருமனைக் குறிக்கும். 70 என்பது கரிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். குண்டோ 405 கிரெயின். ஏறத்தாழ 26 கிராம். அத்தகைய கனம் முன்னே பாய்கையில் துப்பாக்கி பின்னே உதைக்கும். இலேசான துப்பாக்கி ஏந்திய குதிரைப்படையினருக்கென அன்றே மருந்தை 55 கிரெயினாகக் குறைத்தனர். இன்று புகையிலா மருந்தால் அதனினும் வன்மையான தோட்டாக்கள் வந்துவிட்டன. பெருங்கரடிக்கு உரிய அவ்வலிமை மானுக்கு மிகை என்று கருதுவோர், மருந்தையோ குண்டின் எடையையோ குறைத்த தோட்டாக்களை நாடுகின்றனர்.

"தன் தோள் நோகாதிருக்க மானை நோகச் செய்வதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் உதைக்கு அஞ்சுபவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். விசையை இழுக்கும் கணத்திலேயே அவன் தோள் சுருங்குகிறது, கண் மூடுகிறது, குழல் விலகுகிறது. நெஞ்சில் பாயவேண்டிய குண்டு குடலைக் கிழிக்கிறது. மான் புதருக்குள் ஓடி நெடுநேரம் துடிக்கிறது. குறி தப்பிய பெருவலிமையைவிட, குறி தப்பாத சிறுவலிமையே இரக்கமுடையது.

துப்பாக்கி வேட்டை பற்றிய ஃபிக்ஹுச் சட்டங்கள் தனியே ஆராயத்தக்கவை. நாம் இங்கே கருதுவது இஹ்சானை. எச்செயலிலும் நேர்த்தி விதிக்கப்பட்டிருக்கிறது என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைத் தணிக்க வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை, ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். கத்திக்குக் கூர்மை எப்படியோ, துப்பாக்கிக்குக் குறி அப்படி.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வேகம் குறைந்த குண்டு தொலைவு செல்லச் செல்ல விரைந்து தாழும். தாக்கும் விசையும் தளரும். ஆகவே வலிமையைத் துறந்தவன் தொலைவையும் துறக்க வேண்டும். காற்றறிந்து, காலோசை அடக்கி, மானை அணுகக் கற்க வேண்டும். தன் தோட்டா எத்தொலைவில் எங்கே படும் என்பதை முன்னரே பலகையில் சுட்டு அறிய வேண்டும். மனம்போனபடி மருந்தைக் குறைப்பதும் ஆபத்து. சோதித்து வகுக்கப்பட்ட அளவையே கொள்ள வேண்டும். ஐயம் தோன்றினால் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.

தோளுக்குக் கிடைத்த சுகத்தின் விலையை மான் செலுத்தினால் அது அநீதி. வேட்டைக்காரன் தன் பொறுமையாலும் பயிற்சியாலும் செலுத்தினால் அதுவே இஹ்சான். வலிமை நமக்கு அளிக்கப்பட்ட அமானத். நம்மால் அடக்கி ஆள முடிந்த அளவே அதனை ஏந்துவோமாக!