தலையெழுத்தும் தவறிப்போன பரிசோதனையும்

பார்வை போன கைக்குழந்தைக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவும் அதையே சொன்னது. அதற்குப் பிறகு அந்தப் பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது புட்டபர்த்திக்கு, சாய்பாபாவின் ஆசி வேண்டி. அங்கிருந்த ஆஸ்பத்திரியிலும் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்தார்கள். விழித்திரைக் கோளாறு ஐந்தாம் கட்டத்துக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. 2015 ஜூலையில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில், டாக்டர்களின் சாட்சியத்துக்கும் ரூபாய்க் கணக்குக்கும் நடுவே இந்தப் புட்டபர்த்திப் பயணமும் பதிவாகியிருக்கிறது.

ஆசி தேடிப் போனவரும் வழக்குப் போட்டவரும் ஒரே தகப்பன். இதில் முரண்பாடு இருக்கிறதா? இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ‘அதது தலையெழுத்து, கோர்ட்டுக்குப் போனா கண்ணு வந்துடுமா?’ என்பார்கள். இன்னும் கொஞ்சம் வாய் நீண்டவர்கள், ‘புள்ளைய வெச்சுக் காசு பாக்கறாங்க’ என்று முடித்துவிடுவார்கள்.

நடந்தது என்னவோ மிகச் சின்ன விஷயம். 1996 ஆகஸ்டில், சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில், 29ஆம் வாரத்திலேயே பிறந்த பெண் குழந்தை. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பாதி வழியில்தான் இருக்கும். வெளியே வந்த பிறகு, அதுவும் ஆக்சிஜன் கொடுத்த பிறகு, அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும், தலையில் விளக்கு மாட்டிய கண் டாக்டர் லென்ஸ் வழியே உள்ளே பார்க்க வேண்டும். பிறந்து ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை, அப்படியொன்று தேவை என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை என்பதுதான் வழக்கு. அவர்களுக்குக் கிடைத்த அறிவுரை, தொற்று வராமல் குழந்தையை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. வைத்துக்கொண்டார்கள்.

இதில் முன்வினை எங்கே வருகிறது?

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்ததும் சீடர்களுக்குத் தோன்றுகிற முதல் கேள்வி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்பது. இரண்டுமில்லை என்று இயேசு மறுக்கிறார். கேள்வியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: குற்றவாளியை அந்த வீட்டுக்குள்ளேயே தேடுகிறது அது. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கலாம் என்ற நினைப்பே அதில் இல்லை.

பௌத்தத்தில் இதைவிடக் கறாரான பதில் கிடைக்கிறது. அனுபவிப்பது எல்லாம் பழைய வினையின் பயன்தானா என்று சீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் கேட்கிறான். சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது இந்த உரையாடல். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், முறைகெட்ட பராமரிப்பு, திடீர்த் தாக்குதல். வினைப்பயன் எட்டாவதாகத்தான் வருகிறது. எல்லாவற்றையும் அதன் தலையில் போடுகிறவர்கள் கண்ணெதிரே தெரிவதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்கிறார். அவர் சொன்ன பராமரிப்பு இன்குபேட்டர் வார்டை நினைத்துச் சொன்னதல்லதான். இருந்தாலும் அந்த ஆறாவது காரணம் கண்ணை உறுத்துகிறது.

வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர்தான். அதோடு விட்டுவிடவில்லை, ஆள்வினையுடைமைக்கும் ஒன்று வைத்தார். உண்மையில் ஊழை முழுசாக நம்புகிறவருக்கு இதில் சங்கடமே இருக்கக்கூடாது. நடப்பதெல்லாம் ஊழ் என்றால் வக்கீல் நோட்டீஸும் ஊழ்தானே! அதை மட்டும் மனித முயற்சி என்று ஒதுக்கிவைப்பானேன்?

திருவாரூர்க் கல்தேரைப் பார்த்தவர்களுக்கு மனுநீதிச் சோழன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரியபுராணத்தில் பலரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. மகனின் தேர்க்காலில் சிக்கிக் கன்று செத்ததும் அமைச்சர்கள் சொன்ன வழி, வேதியர் விதித்தபடி பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்பது. வேறொருவன் கொன்றிருந்தால் ஒரு நியாயம், என் மகன் கொன்றால் வேறொரு நியாயமா என்று அரசன் மறுக்கிறான். சடங்கு மேல் அவனுக்குக் கோபமில்லை. தன் வீட்டுத் தவறை அது மலிவாக முடித்துவைக்கப் பார்க்கிறது என்பதுதான் கோபம். மகனைத் தேர்க்காலில் இடுவது நமக்கு வேண்டாம். எழும்பூர் வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றது அரசாங்கமே என்பதை மட்டும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்த இழப்பீடு 5 லட்சம் ரூபாய். சுப்ரீம் கோர்ட் வேறு கணக்குப் போட்டது. இழந்தவரை, பணத்தால் முடிந்த மட்டும், இழப்புக்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பழைய ரோமானியக் கொள்கையைக் கையில் எடுத்தது. அமெரிக்கா வரை போய்ப் பார்த்த வைத்தியம் உட்பட அதுவரை ஆன செலவுக்கு ஏறக்குறைய 43 லட்சம், அதற்கு வட்டி தனி. இனி ஆயுசுக்கும் ஆகப்போகும் செலவுக்கு 1 கோடியே 38 லட்சம். விலைவாசி ஏற்றத்தைக்கூட விடாமல் கூட்டினார்கள். அதில் 1 கோடியே 30 லட்சம் அரசுத் தரப்பின் பொறுப்பு, 8 லட்சம் இரண்டு டாக்டர்களுடையது. காசு பார்க்கிறார்கள் என்று சொன்னவர்கள் இந்தக் கூட்டலைப் படிக்கலாம். கண்ணின் விலை அதில் எங்கும் இல்லை. இருப்பது, பார்வையில்லாமல் ஒரு பெண் வாழ்ந்து முடிக்க ஆகும் செலவு.

வழக்கே இல்லாமல் இப்படி இழப்பீடு கொடுத்துப்பார்த்த நாடு ஜப்பான். 2009 முதல், பிரசவத்தை ஒட்டி ஏற்படும் கடுமையான மூளை முடக்குவாதத்துக்கு, விதிகளுக்குள் வந்தால், யார் தவறு என்று கேட்காமலே தவணைகளாக 3 கோடி யென் தரும் திட்டம் அங்கே இருக்கிறது. பணத்தோடு இன்னொன்றும் வீட்டுக்கு வரும். பிரசவ அறையில் எந்த நேரத்தில் என்ன நடந்தது, எதனால் இப்படி ஆகியிருக்கலாம் என்று நிபுணர்கள் ஆராய்ந்து எழுதிய அறிக்கை. பெற்றோருக்கு ஒரு பிரதி, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரதி.