தலை சாய்க்க இடமில்லாதவர்களும் வசதி படைத்தவர்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அல்லாஹ் நமக்குத் தந்த நிஃமத்துகளை எண்ணச் சொன்னால் உணவைச் சொல்வோம், உடல் நலத்தைச் சொல்வோம், பிள்ளைகளைச் சொல்வோம். இரவில் கதவைத் தாழிட்டுப் படுக்க ஒரு வீடு இருப்பதை நிஃமத்தாகச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-வது வசனத்தில், வீட்டை நமக்கு நிம்மதி தரும் இடமாக ஆக்கியதை அல்லாஹ் தன் அருட்கொடையாக எடுத்துச் சொல்கிறான். அங்கே 'ஸகன்' என்ற சொல் வருகிறது. ஓடியாடியது அடங்கி மனம் அமைதியடைவது அதன் பொருள். தெருவில் படுப்பவர் கண்ணை மூடினாலும் அவருக்கு அந்த ஸகன் கிடைப்பதில்லை. பை திருடு போகுமா, காவலர் எழுப்புவாரா, மழை வருமா என்ற பயத்திலேயே விடிந்துவிடும்.

நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். இவர்களுக்காகச் செல்வந்தர்களும் வியாபாரிகளும் என்ன செய்ய முடியும் என்பதே இன்றைய பேச்சு.

அட்டை மீது ஓர் இரவு

ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கே ஜூன் மாதம் கடுங்குளிர் காலம். பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் ஓர் இரவு தங்கள் வீட்டை விட்டு வந்து, திறந்தவெளியில் அட்டையை விரித்துப் படுக்கிறார்கள். அதற்கு முன்பே நண்பர்கள், வாடிக்கையாளர்கள், சக வியாபாரிகளிடம் சொல்லி நன்கொடை திரட்டுகிறார்கள். 2006-ல் சிட்னியில் பெர்னார்ட் ஃபெஹோன் என்ற தொழிலதிபரின் முயற்சியால் தொடங்கிய இது, 2010 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. செயின்ட் வின்சென்ட் டி பால் என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பு இதை நடத்துகிறது.

இதைக் கேட்டதும் சிலர் கேட்பார்கள்: 'ஹஜ்ரத், இது விளம்பரம் இல்லையா? ஒரு ராத்திரி அட்டையில் படுத்துவிட்டு, விடிந்ததும் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். தெருவில் கிடப்பவனுக்கு மறுநாளும் அதே அட்டைதானே?'

கேள்வி நியாயமானது. அந்த நாட்டிலேயே இதைக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் நமது மார்க்கம் இதை எப்படிப் பார்க்கச் சொல்கிறது?

முதலில் எழுந்தவரின் கூலி

ஸஹீஹ் முஸ்லிமில் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கும் சம்பவம். ஒருநாள் முற்பகலில் முளர் கோத்திரத்தைச் சேர்ந்த சிலர் மதீனா வந்தார்கள். காலில் செருப்பில்லை, கிழிந்த கம்பளித் துணியே உடை. அவர்களது வறுமையைக் கண்ட நபி (ஸல்) அவர்களின் முகமே மாறிவிட்டது. வீட்டுக்குள் போனார்கள், வெளியே வந்தார்கள். பிலால் (ரலி) அவர்களை பாங்கு சொல்ல வைத்து, தொழுகைக்குப் பின் உரை நிகழ்த்தினார்கள். பாதிப் பேரீச்சம்பழமாயினும் கொடுங்கள் என்று தூண்டினார்கள்.

அப்போது ஓர் அன்சாரித் தோழர் கையால் தூக்க முடியாத அளவு கனமான பணப்பையைக் கொண்டு வந்து வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். உணவும் துணியுமாக இரண்டு குவியல்கள் சேர்ந்தன. வாடிய நபிகளாரின் முகம் பொன்போல் ஒளிர்ந்தது. நல்ல முன்மாதிரியைத் தொடங்கி வைப்பவருக்கு அதன் கூலியும், அவரைப் பின்பற்றியவர்களின் கூலியும் உண்டு; பின்பற்றியவர்களின் கூலியில் எதுவும் குறையாது என்ற கருத்தை அப்போதுதான் கூறினார்கள்.

அந்தப் பை எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்பட்டது. அதை ரியா என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. காரணம், அது மற்றவர்களை எழுப்பியது. அல்பகரா 271-வது வசனமும், வெளிப்படையான தர்மம் நல்லது என்று ஏற்றுக்கொண்டு, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது. இரண்டுக்கும் இடமுண்டு. பிரித்துக் காட்டுவது நிய்யத்.

தூண்டுவதும் கடமை

'என்னிடம் பணமில்லை' என்று ஒதுங்குபவர்கள் அல்மாஊன் அத்தியாயத்தைச் சிந்திக்க வேண்டும். அங்கே அல்லாஹ் கண்டிப்பது உணவு கொடுக்காதவனை அல்ல. ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனை. அல்ஃபஜ்ரிலும் அல்ஹாக்காவிலும் இதே கண்டனம் வருகிறது. கொடுக்க வசதியில்லாதவரும் நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல முடியும். வியாபாரச் சங்கத்தில் ஒருவர் பேசினால் நாற்பது கடைக்காரர்கள் கேட்பார்கள். அந்தச் செல்வாக்கும் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கும் கேள்வி உண்டு.

கண்ணுக்குத் தெரியாதவர்கள்

ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 1,22,494 பேர். அவர்களில் தெருவில் படுப்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். மற்றவர்கள் நெரிசலான அறைகளிலும், தற்காலிக விடுதிகளிலும், தெரிந்தவர் வீட்டிலும் ஒண்டிக்கொண்டிருப்பவர்கள். வெளியே பார்த்தால் தெரியாது.

அல்பகரா 273-வது வசனம் இப்படிப்பட்டவர்களைத்தான் அடையாளம் காட்டுகிறது: சுயமரியாதையால் கை நீட்டாததால், அறியாதவர் இவர்களைச் செல்வந்தர் என்றே நினைப்பார். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த அஹ்லுஸ் ஸுஃப்பாவுக்கு வீடும் இல்லை, குடும்பமும் இல்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களில் ஒருவர். ஒரு பாத்திரம் பால் வந்தபோது நபி (ஸல்) அவர்கள் திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வரச் சொல்லி, எல்லோரும் குடித்த பிறகு கடைசியாகத் தாம் குடித்தார்கள். தலைவர் கடைசியில் குடித்தார் என்பதை முதலாளிமார்கள் மனதில் வைக்க வேண்டும்.

முதலாளிமார்களே!

தெருவைப் பார்க்கும் முன் உங்கள் கடையைப் பாருங்கள். உங்களிடம் வேலை செய்பவர் இரவில் எங்கே படுக்கிறார்? கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவிலா? மின்விசிறி இல்லாத மாடியிலா? வாடகைக்கு ஒரு அறை எடுக்க முடியாத சம்பளத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, வீடற்றோருக்கு நன்கொடை கொடுத்தால் அது எப்படி நிறைவாகும்? வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது.

இரவில் யாரும் படுத்துவிடக் கூடாது என்று கடை வாசலில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். போர்வை கொடுக்கும்போது வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்துப் பரப்பாதீர்கள். சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்பகரா 264 எச்சரிக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஜகாத். தகுதியுள்ள ஏழை முஸ்லிமின் கையில் அதை உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் கட்ட முடியாமல் தவிப்பவருக்கு அந்தத் தொகையை அப்படியே கொடுத்தால், ஒரு குடும்பம் கூரைக்குள் போய்விடும்.

இரண்டு: ஸதகாவும் வக்ஃபும். தங்குமிடம் கட்ட ஜகாத்தைப் பயன்படுத்த முடியாது. ஸதகாவையும் வக்ஃபையும் பயன்படுத்தலாம். ஸதகாவை எந்த மதத்தைச் சேர்ந்த ஏழைக்கும் கொடுக்கலாம். குளிரில் நடுங்குபவரிடம் மதம் கேட்க வேண்டியதில்லை.

மூன்று: அரசு விடுதிகள். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. உங்கள் ஊர் நகராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்து, தெருவில் இருப்பவரை அங்கே கொண்டு சேருங்கள்.

நான்கு: வேலை. மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார். வழி காட்டினார்கள், விரைவில் சொந்தக் காலில் நின்றார். வழி கேட்பவருக்குக் கடைவீதியைக் காட்ட வியாபாரிகளைவிடத் தகுதியானவர் யார்?

இன்றிரவு வீட்டுக் கதவைத் தாழிடும்போது அல்ஹம்து லில்லாஹ் சொல்லுங்கள். கதவில்லாத ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் ஸகனைத் தருவாயாக! வீடற்றவர்களுக்கு வீட்டையும் கண்ணியத்தையும் தருவாயாக! எங்கள் செல்வந்தர்களை நன்மையில் முந்துபவர்களாக ஆக்கி, ரியாவை விட்டும் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.