வாயில்லா ஜீவனுக்காக முடிவெடுப்பது

எங்கள் அயனாவரத்துத் திடலுக்குக் காலையில் நாயோடு வருகிறவர்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது. சீசர் அப்பா, பிரௌனி அம்மா, மணி வீட்டுத் தாத்தா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். ஆனால் எந்த நாய்க்கு எப்போது தடுப்பூசி, எதற்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எது வெடிச்சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும் என்பதெல்லாம் எல்லாருக்கும் அத்துப்படி. புதிதாகக் குட்டி வாங்கியவர் இங்கே ஒரு வாரம் வந்துபோனால் போதும், வேண்டியதைக் கற்றுக்கொள்வார். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெங்காயம் ஆகாது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. உண்ணியை நசுக்கக் கூடாது, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

வாய்வார்த்தையோடு நிற்பதும் இல்லை. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றிப்போன ஒரு டாபர்மேனுக்காகச் சீசர் அப்பா தன் ஜெர்மன் ஷெப்பர்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கழுத்தில் ஒரு சாண் அகலத்துக்கு முடியை மழித்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். அது அசையாமல் கிடந்தது. அவர் அதன் காதோரம் குனிந்து என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். அந்த டாபர்மேன் பிழைத்தது.

இப்படி எதற்கும் பதில் வைத்திருக்கிற நாங்கள் ஒரு கேள்விக்கு மட்டும் வாயடைத்துப் போனோம். கேட்டது பிரௌனி அம்மா. பிரௌனி பதின்மூன்று வயது லாப்ரடார். பின்னங்கால்கள் விழுந்துவிட்டன, சிறுநீரகமும் கைவிட்டுக்கொண்டிருந்தது. “ஊசி போட்டு அனுப்பிடலாம், இல்லேன்னா கஷ்டப்படும்னு டாக்டர் சொல்றாரு சார். எனக்குப் பாவம் வருமா?”

ஒருவர், அதன் வினையை அது கழித்துத்தான் தீர வேண்டும், நாம் குறுக்கே போகக் கூடாது என்றார். இன்னொருவர், விடுதலை கொடுத்துவிடுங்கள், புண்ணியம் என்றார். இரண்டுமே சட்டென்று வந்த பதில்கள். அந்த அம்மாளின் முகம் இரண்டுக்கும் தெளியவில்லை.

எனக்கும் இது எளிய கேள்வி இல்லை. நான் வள்ளலாரை வணங்கும் வீட்டில் வளர்ந்தவன். தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி தரிசனம் பார்த்துவிட்டு வந்துதான் அம்மா மறுவேலை பார்ப்பார். 1867-ல் வள்ளலார் தருமசாலையில் ஏற்றிவைத்த அடுப்பு இன்றும் எரிகிறது. பசியைப் போக்குவதையும் கொலையைத் தடுப்பதையும் ஜீவகாருண்யத்தின் உச்சியில் வைத்தவர் அவர். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு உயிரை முடிப்பது சரியா என்று யோசிக்கிறபோதே நாக்கு வறள்கிறது. ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் கேட்டவர் எதிரில் நிற்கிறார்.

வினையைச் சொன்னவரை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. சமணர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உயிர்களின் பக்கம் நின்று யோசித்தவர்கள், அந்த வாதத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது. ஆனால் பிரௌனிக்கு நாலு வயதில் உண்ணிக் காய்ச்சல் வந்தபோது யாரும் வினையென்று விட்டுவிடவில்லை, மருந்து கொடுத்தோம். அப்போது குறுக்கே போகலாம், இப்போது கூடாது என்றால் அதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது: மருந்து உயிரைக் காக்கிறது, ஊசி முடிக்கிறது. ஆக, உண்மையான கேள்வி வினையைப் பற்றியதே அல்ல. கொல்வது எப்போதாவது கருணையாக இருக்க முடியுமா என்பதுதான்.

இந்தக் கேள்வியில் காந்தி தீயில் இறங்கினார். 1926-ல் அகமதாபாத் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் வெறிபிடிக்கும் அபாயமுள்ள அறுபது தெருநாய்களைக் கொல்லவைத்தபோது காந்தி அவருக்கு ஆதரவாக எழுதினார். அதில் என் மனம் ஒப்பவில்லை. அது மனிதரின் அச்சத்துக்குச் சொன்ன பதில், நாயின் வலிக்குச் சொன்ன பதில் அல்ல. 1928-ல் நடந்தது வேறு. சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று மீள முடியாத நோயில் விழுந்து, புரண்டு படுக்கக்கூட முடியாமல் தவித்தது. ஆசிரமத்தாரோடு பலவிதமாகப் பேசிப் பார்த்துவிட்டு, ஒரு டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போடவைத்தார். தாமும் அருகில் நின்றார். நாடெங்கும் இருந்து கோபக் கடிதங்கள் குவிந்தன. உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்க என்ன உரிமை என்று கேட்டார்கள். அவர் ஒளியவில்லை, தமது பத்திரிகையிலேயே எழுதி விளக்கினார். தம் பிள்ளைக்கு அதே நிலை வந்து வேறு வழியே இல்லையென்றால் என்ன செய்வேன் என்ற இடம் வரை போய் யோசித்தவர் அவர். கொல்லாமையை உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவர் அந்தக் கன்றின் பக்கத்தில் நின்றார் என்பது எனக்குப் பெரிய துணை.

ஆனாலும் ஒரு முள் உறுத்துகிறது. கன்றைக் கேட்டாரா? கேட்க முடியாது. பிரௌனியையும் கேட்க முடியாது. ஆனால் சீசரைக் கேட்டா ரத்தம் எடுத்தோம்? கருத்தடை செய்ததும், கழுத்தில் பட்டை மாட்டியதும், எப்போது வெளியே போக வேண்டும், என்ன தின்ன வேண்டும் என்று வகுத்ததும் நாம்தான். ஒரு குட்டியை வீட்டுக்குள் தூக்கிவந்த அன்றே அதற்காகப் பேசும் பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டுவிட்டோம். பதின்மூன்று வருஷம் அதன் பேரில் முடிவெடுத்துவிட்டு, கடைசி முடிவு மட்டும் என்னுடையதல்ல என்று ஒதுங்கினால் அது பணிவாகாது.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. இரவில் மூன்று முறை எழுந்து, மூத்திரத் துணி மாற்றி, மருந்துக்குச் செலவழித்துக் களைத்துப் போனவருடைய கண்ணுக்கு, தன் களைப்பே நாயின் வலியாகத் தெரியும். மறுபக்கம், பிரிய மனமில்லாதவருக்கு அது ஒரு தடவை வாலாட்டினாலும் பிழைத்துவிடும் போலத் தெரியும். இரண்டிலும் நாய் மறைந்துபோகிறது. கூட நடக்கிறவர்கள் வேண்டியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஊசி போடு, போடாதே என்று சொல்வதற்காக அல்ல. அந்த வீட்டுக்காரரின் பயமும் களைப்பும் ஒட்டாத கண்ணோடு நாயைப் பார்த்துச் சொல்வதற்காக.

அதனால் நாங்கள் அந்த அம்மாள் வீட்டுக்கே போனோம். மணி வீட்டுத் தாத்தா ஒரு பழைய போர்வையை நீளமாக மடித்து பிரௌனியின் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பாரத்தைத் தூக்கிப் பிடித்து வாசல் வரை நடத்திக் காட்டினார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் இடுப்பெலும்பில் புண் வைத்துவிடும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, நேரே தொண்டைக்குள் பீச்சாமல் கன்னத்து ஓரமாகச் சொட்டு சொட்டாக விட்டார். நான் என் பங்குக்கு, அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் வகுத்த ஏழு கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. தினக் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு கோடு. அந்த அம்மாள் போட்டது ஒன்று, பார்க்க வந்த நாங்கள் போட்டது ஒன்று. முதலில் இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. பிறகு கோடுகள் இரண்டிலும் ஒன்றாக வரத் தொடங்கின.

பாவம் வருமா என்ற கேள்வியை நான் தருமரிடம்தான் கொண்டுபோனேன். நாயைப் பாரதத்தின் கடைசியில் வரும் பிராணியாக மட்டும் பலர் நினைக்கிறோம். தொடக்கத்திலேயே, ஆதி பருவத்தில், ஒரு தாய்நாய் வருகிறது. தன் குட்டி எந்தத் தப்பும் செய்யாதபோது ஜனமேஜயனின் தம்பிகள் ஏன் அடித்தார்கள் என்று வேள்விச்சாலையிலேயே போய்க் கேட்கிறது சரமா. பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் தருமர், நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் அழைத்தும், அண்டி வந்ததைக் கைவிட்டுக் கிடைக்கும் சொர்க்கம் வேண்டாம் என்கிறார். அந்த நேரத்தில் அவர் தன் புண்ணியக் கணக்கைப் பார்க்கவில்லை. எனக்குப் பாவம் வருமா என்பது நம்மைப் பற்றிய கேள்வி. அவர் கேட்டது நாயைப் பற்றி.

அப்படிப் பார்த்தால் ஊசி போட்டவரும், போடாமல் கடைசி மூச்சுவரை புரட்டிப் போட்டுப் பணிவிடை செய்தவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். மணி வீட்டில் இரண்டாவது வழிதான் நடந்தது, அங்கே நான் குறை காணவில்லை. எதிர்ப்பக்கம் நிற்பவர், கிழடுதட்டிய நாயை ராத்திரியில் காப்பகத்து வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர். அவர் கொல்லவில்லை. ஆனால் அண்டியதைக் கைவிட்டார்.

இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். பாவம் வராது என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. அவர் ஊசி போடுவதென்று முடிவெடுத்தார். டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, அது ஆழ்ந்து உறங்கிய பிறகே மருந்து. முடிந்த பின்னும் கண் மூடாது என்பதை முன்கூட்டியே அந்த அம்மாளிடம் சொல்லிவைத்திருந்தோம், தெரியாதவர்கள் அதைப் பார்த்து ஆடிப்போகிறார்கள். உள்ளே இருக்க முடியாது, வெளியே நிற்கிறேன் என்றார். இருங்கம்மா, உங்க குரல் அதுக்குத் தெரியும் என்று நான் வற்புறுத்தினேன். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர் இருந்தார்.

குழியை ஆழமாக வெட்டச் சொன்னார் டாக்டர். அந்த மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், தோண்டித் தின்னும் வேறு நாய்க்கும் காக்கைக்கும் அது விஷம். சீசர் அப்பாவும் நானும் மாறி மாறி நாலு அடி வெட்டினோம்.